பந்தயக் காரினுள் பெற்றோற் குழாய்

மோட்டார்க் காரைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் எஞ்சினையே முதலிற் பேசுவர். அடுத்தபடியாக டயரையும் தடுப்பையும் பேசுவர். எஞ்சினுக்கு உணவு கொண்டுசெல்லும் குழாயைப் பற்றிப் பேசுவாரைக் காண்டல் அரிது. சிறுவிரற் பருமனுள்ள ஒரு குழாயிற் சொல்லுதற்கு யாது உளது என்று எண்ணுவதும் இயல்பே. ஆயினும், பந்தயத்தடத்தில் தீக்கிரையான கார்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர், ஓட்டுநரின் உயிரைக் காத்ததும் குடித்ததும் பலவேளைகளில் தாங்கியும் குழாயும் அவற்றை இணைக்கும் சிறு முடிச்சுமே என்பதை உணர்வர். நம் பழைய மாணவருள் பொறியியற்றுறையிற் பணியாற்றுவோர் பலர்; பழைய காரொன்றை வாங்கிச் சீர்ப்படுத்தித் தடத்தில் ஓட்டி மகிழ்வோரும் சிலர் உளர். இன்னும் வகுப்பறையிலிருந்து பௌதிகமும் இரசாயனமும் பயிலும் மாணாக்கருக்கும் இப்பொருளிற் சுவை உண்டென நம்பியே இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் பெற்றோலின் குணத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். தண்ணீரைப் போல ஓடும் இத்திரவம் தண்ணீரைப் போன்ற சாதுவன்று. ஏறக்குறைய 35 முதல் 40 பாகை சென்ரிகிரேட்டு வெப்பத்திலேயே அதன் இலேசான பகுதிகள் கொதிக்கத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் நிறுத்திய காரொன்றின் உட்புறம் அவ்வெப்பத்தை எளிதில் எட்டும். சுழியத்துக்குக் கீழே 40 பாகை அளவிற்கூட, தீப்பொறி பட்டாற் பற்றத்தக்க ஆவியை அது வெளிவிடும். அவ்வாவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. ஆதலால் மேலெழுந்து கலைந்து போகாமல், தளத்திற் படிந்து, பள்ளமான இடந்தேடித் தங்கும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு அளவில் அது கலந்திருந்தாலே தீப்பற்றப் போதும். 7.6 பங்கிற்கு மேற்படின் பற்றாது. ஆனால் அந்த மேலெல்லையை நம்பி எவரும் காரோட்டுதல் கூடாது.

இவ்வெண்களை வைத்துச் சிறு கணக்கொன்று செய்து பார்ப்போம். ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை ஏறத்தாழ 740 கிராம். அது முற்றும் ஆவியானால், அறை வெப்பத்தில் ஏறத்தாழ 180 லீற்றர் ஆவியாகும். சிறிய காரொன்றின் உட்புறக் கொள்ளளவை 2,000 லீற்றர் என்று கொள்வோமாயின், அதனுள்ளிருக்கும் காற்று முழுவதையும் தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவர 28 லீற்றர் ஆவி போதும். 28 லீற்றர் ஆவிக்கு வேண்டிய பெற்றோல் 155 மில்லிலீற்றர். அஃதாவது ஒரு தேநீர்க் கோப்பை அளவு. நூறு குதிரைவலுவுள்ள எஞ்சினொன்று முழுவேகத்தில் ஓடும்போது நிமிடமொன்றுக்கு அரை லீற்றர் பெற்றோலைக் குடிக்கும். அக்குழாயிற் செல்வதில் ஐந்திலொரு பங்கு உள்ளே கசியுமாயின், அந்தத் தேநீர்க் கோப்பை நிரம்ப ஒன்றரை நிமிடமே செல்லும். தடத்தை ஒரு முறை சுற்றிவருவதற்கு எடுக்கும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே.

இவ்வளவு அஞ்சத்தக்க பொருளை ஓட்டுநர் இருக்கும் அறையினூடாகக் கொண்டுசெல்வானேன் என்று வாசகர் வினவலாம். தக்க வினாவே. தெருவில் ஓடும் சாதாரணக் கார்களிற் குழாய் தளத்தின் கீழேதான் செல்கின்றது. ஓட்டுநரையும் பெற்றோலையும் ஓர் எஃகுத் தகடு பிரித்து நிற்கின்றது. போர்முலா 1 கார்களைப் பற்றிய விதிகளோ, ஓட்டுநர் அறையினூடாகப் பெற்றோற் குழாய் செல்லுதலையே தடுத்துள்ளன. அங்கே தாங்கி ஓட்டுநருக்குப் பின்னும், எஞ்சின் அதற்கும் பின்னும் இருப்பதால் அவ்விதியைக் கைக்கொள்ளல் எளிது. ஆனால் எஞ்சின் முன்னும் தாங்கி பின்னுமாக அமைந்த காரைத் தடத்துக்குக் கொண்டுவரும்போது நிலைமை மாறுகின்றது. தளம் நிலத்தை நோக்கித் தாழ்த்தப்படுகின்றது. தடத்தின் ஓரக் கட்டுகள் அடித்தளத்தை உராய்கின்றன. திருப்பத்தில் வழுக்கித் தடத்தைவிட்டு வெளியேறிய கார் கல்லிலும் புல்லிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு செல்கின்றது. அதே அடித்தளத்திற்றான் பழுக்கக் காய்ந்த புகைக்குழாயும் ஓடுகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே மெல்லிய பெற்றோற் குழாயொன்றை விட்டுவைப்பதினும், தளத்தின் மேற்புறமாக, கண்ணாற் பார்த்துச் சோதிக்கக்கூடிய இடத்தில், ஒழுங்காகப் பதித்துக் கொண்டுசெல்லுதல் நன்று என்பதே அனுபவமுள்ளோர் முடிபு. ஒழுங்காகப் பதித்து என்னுஞ் சொல்லே ஈண்டு உயிர்நிலை. ஒழுங்கின்றி உள்ளே கொண்டுவருதல் வெளியே விடுதலினும் பன்மடங்கு தீது.

உலக மோட்டார்ச் சம்மேளனம் தன் விதிகளில் இதனைத் தெளிவாகவே வகுத்துள்ளது. திருத்தியமைத்த சாதாரணக் கார்களில், பெற்றோற் குழாய் ஓட்டுநர் அறையினூடாகச் செல்லலாம். ஆனால் முன்னும் பின்னுமுள்ள தடுப்புச்சுவர்களில் அன்றி, அறையினுள்ளே அதற்கு எவ்வித இணைப்பும் இருத்தல் கூடாது. வளையக்கூடிய குழாயாயின், 135 பாகை வெப்பத்தில் 70 பார் அமுக்கத்தைத் தாங்கிய பின்னரே அது வெடித்தல் வேண்டும். அதன் முனைகள் திருகாணியாலோ நெரித்தமைத்த பூணாலோ தாமாக மூடிக்கொள்ளும் பூட்டாலோ இணைக்கப்படல் வேண்டும். வெளிப்போர்வை உராய்வையும் சுவாலையையும் தாங்கவேண்டும். கசிவு எங்கே நேரும் என்று எண்ணிப் பார்த்தால் இவ்விதியின் நியாயம் புலப்படும். நல்ல குழாய் நடுவிற் பிளப்பது அரிது. கசிவனவெல்லாம் பெரும்பாலும் இணைப்புகளே. இணைப்பை அறையிலிருந்து அகற்றிவிட்டால், கசிவையும் ஏறக்குறைய அகற்றியாயிற்று.

இனிக் குழாயின் தெரிவுக்கு வருவோம். உலோகக் குழாய், றப்பர்க் குழாய், ரெவ்லோன் உள்ளுறை கொண்ட குழாய் என மூவகை நம்முன் உள.

உலோகத்துள் செம்பே வளைப்பதற்கு மிக எளிது. பழைய கார்களிலும் தோணி எஞ்சின்களிலும் அதனைக் காணலாம். ஆயினும் பந்தயக் காருக்கு அஃது ஆகாது. இடைவிடாத அதிர்வினாற் செம்பு இறுகி, நாளடைவில் மயிரிழை போல வெடித்துவிடும். அன்றியும் பெற்றோல் நாட்பட்டுப் பிசினாகப் படிவதையும் செம்பு ஊக்குகின்றது. அலுமினியம் இலேசானது, கையால் வளைக்கத்தக்கது. அதிர்வுறாதபடி நெருங்க நெருங்கக் கவ்விவைத்தால் நன்கு உழைக்கும். மெதனோல் ஊற்றி ஓடும் கார்களில் மட்டும் அதனைத் தவிர்த்தல் வேண்டும், மெதனோல் அலுமினியத்தை அரித்துவிடுமாதலால். துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய் பாரமானதேனும் மலிவு, உறுதி, நெடுநாள் உழைப்பு ஆகிய மூன்றும் உடையது. கார் செய்யும் தொழிற்சாலைகள் எஃகைத் தெரிந்தமைக்குக் காரணம் சிக்கனம் மாத்திரமன்று.

றப்பர்க் குழாயைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டியுள்ளது. தவறுகள் மலிந்த இடம் அதுவே. கடையிற் கேட்டவுடன் கிடைக்கும் கருங்குழாய்கள் எல்லாம் ஒன்றல்ல. தண்ணீருக்கானது பெற்றோலில் ஊறி உப்பி உதிரும். பெற்றோலுக்கானவற்றுள்ளும் காபுரேற்றரின் சிறிய அமுக்கத்துக்கு ஆனது வேறு. பெற்றோலைப் பீச்சிச் செலுத்தும் புதிய எஞ்சின்களுக்கு ஆனது வேறு. முன்னதில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு மூன்று முதல் ஏழு இறாத்தல். பின்னதில் நாற்பதுக்கு மேல். அமெரிக்கத் தரவரிசையில் ஆறாம், ஏழாம் எண்ணுடைய குழாய்கள் முன்னதற்கும், ஒன்பதாம் எண்ணுடையது பின்னதற்கும் உரியன. பத்தாம் எண்ணுடையது தாங்கியினுள்ளே பெற்றோலில் அமிழ்ந்து கிடப்பதற்கென்றே செய்யப்பட்டது. இவ்வெண் குழாயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அச்சு யாதும் இல்லாத குழாயை, எத்துணை மலிவாயினும், வாங்காது விடுதலே அறிவுடைமை.

பெற்றோலும் முன்னிருந்த பெற்றோலன்று. இங்கிலாந்தில் 2021 செப்ரெம்பர் முதல் சாதாரணப் பெற்றோலில் நூற்றுக்குப் பத்துப் பங்குவரை எதனோல் கலக்கப்படுகின்றது; இந்தியாவிற் கலப்பு அதனினும் மிகுதி. பழைய காரின் பழைய றப்பர் இக்கலப்பை எண்ணிச் செய்யப்பட்டதன்று. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் அங்கே பழைய காரொன்றைப் பேணுவாராயின், தாங்கி தொடங்கிக் காபுரேற்றர் வரையுள்ள றப்பர்த் துண்டு ஒவ்வொன்றையும் மாற்றிவிடுதல் நன்று. சிலந்திவலை போல மேற்பரப்பிற் கீறல் தோன்றிய குழாயை விரலால் மடித்துப் பார்த்தாலே அதன் வயது தெரிந்துவிடும்.

மூன்றாவது ரெவ்லோன். 1938 ஏப்ரில் 6ஆம் நாள், அமெரிக்காவில் ரோய் பிளங்கற் என்னும் இரசாயனர், குளிரூட்டிகளுக்கான வாயுவொன்றை ஆராய்கையில் எதிர்பாராது கண்டது இப்பொருள். சமையற் பாத்திரத்தில் ஒட்டாதிருக்கும் அதே பொருள்தான். பெற்றோல், எதனோல், மெதனோல் எதுவும் அதனை ஒன்றுஞ் செய்யா. றப்பர்க் குழாயின் சுவரினூடாகப் பெற்றோல் ஆவி மெல்ல மெல்லக் கசிந்துகொண்டேயிருக்கும். பூட்டிவைத்த காரைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் வாசனைக்கு அதுவும் ஒரு காரணம். ரெவ்லோன் அவ்வாவிக்கு மிகச் சிறிதே வழிவிடும். அறையினுள்ளே செல்லும் குழாய்க்கு இதனினும் பெரிய தகுதி வேறில்லை. குறைகளும் உண்டு. கூர்மையாக வளைத்தால் நாணற்றண்டு போல ஒடிந்து மடியும். மடிந்த இடம் மீண்டும் நிமிராது. அன்றியும் அது மின்கடத்தாப் பொருளாதலால், விரைந்தோடும் பெற்றோல் அதன் உட்சுவரில் நிலைமின்னைத் தோற்றுவிக்கும். அம்மின் பெருகி, சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிக் கம்பிப் பின்னலுக்குப் பாய்ந்து, ஊசித்துளை போன்ற ஓட்டையை உண்டாக்கவல்லது. இதனைத் தவிர்க்க உட்சுவரிற் கரி கலந்த குழாய்கள் விற்கப்படுகின்றன. உள்ளே கறுத்திருப்பது அவ்வகை. பெற்றோலுக்கு அதனையே வாங்கவேண்டும். காரின் உடலோடு தொடர்பின்றி நிற்கும் உலோகத் துண்டு எதனையும் கம்பியால் உடலோடு இணைக்கவேண்டும் என்று விதி கூறுவதும் இந்நிலைமின்னை அஞ்சியே.

குழாயின் மேலுள்ள வெள்ளைக் கம்பிப் பின்னலைக் கண்டு மயங்குவோர் பலர். அது குழாயைக் கல்லினின்றும் காக்கும். அமுக்கத்தில் உப்பாமற் பிடிக்கும். ஆனால் அப்பின்னல் ஓர் அரத்துக்கு நிகரானது. அலுமினியக் குழாயொன்றின்மேல் அது படிந்து அதிருமாயின், சில பந்தயங்களுக்குள் அதனை அறுத்துவிடும். பற்றரியின் நேர்முனைக் கம்பியோடு உராய்ந்து அதன் மேலுறை தேய்ந்ததோ, அதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை: நூற்றுக்கணக்கான அம்பியர் மின் பின்னலினூடே பாய, உள்ளே பெற்றோல் இருக்கும். இவ்விரண்டையும் ஒரே கவ்வியிற் கட்டிவைத்த கார்களை யான் கண்டதுண்டு. கட்டியவர் அதனை அழகென்றே எண்ணியிருப்பார்.

அளவு பற்றியும் ஒரு சொல். பந்தயக் குழாய்களுக்கு வழங்கும் எண்கள், அமெரிக்க இராணுவமும் கடற்படையும் வகுத்த தரத்தினின்று வந்தவை. எண் 6 என்றால் அங்குலத்தின் பதினாறில் ஆறு பங்கு, அஃதாவது எட்டில் மூன்று அங்குலம். இது குழாயின் உள்வாய் அளவன்று; அவ்விணைப்புக்குப் பொருந்தும் உலோகக் குழாயின் வெளிவிட்டம். இதனை மறந்து அளவெடுத்தவர் கடைக்கு இருமுறை நடப்பார். நூறு இருநூறு குதிரைவலுவுள்ள காருக்கு எண் 6 தாராளமாகப் போதும். பருத்த குழாய் வேண்டிய வலிய எஞ்சின்களும் உண்டு. ஆனால் தேவைக்கு மிஞ்சிய பருமன் வலுவைக் கூட்டாது. உடையும்போது சிந்தும் பெற்றோலைத்தான் கூட்டும்.

இவ்விணைப்புகளில் அடைப்பது திருகாணியன்று, கூம்பு. குழாயின் வாயை அச்சுக்கு 37 பாகை சரிவாக விரித்து, அதே சரிவுள்ள கூம்பின்மேல் அழுத்துகின்றோம். உலோகமும் உலோகமும் சேரும் அவ்வளையமே பெற்றோலைத் தடுக்கின்றது. ஆதலால் திருகாணியில் வெள்ளைநாடா சுற்றுதல் வீண். அதன் இழைகள் பிய்ந்து காபுரேற்றரின் ஊசித்துளையை அடைக்குமேயன்றி வேறு பயனில்லை. சாதாரண மோட்டார்க் கராச்சுகளில் வழங்கும் வாய்விரிப்புக் கருவியோ 45 பாகை. இரண்டும் பார்வைக்கு ஒன்றே போலும். திருகினால் இறுகவும் செய்யும். ஆனால் முழுவளையமாகப் படிய வேண்டியது கத்திமுனை போன்ற ஒரு கோட்டில் மாத்திரம் தொட்டு நிற்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கையிற் கசியாது. சூடேறி அதிர்ந்த பின்னர் வியர்க்கத் தொடங்கும். வியர்க்கின்றது என்று இன்னும் இறுக்குவர். அலுமினியக் கூம்பு நசுங்கும். நண்பரொருவரின் காரில் இவ்வாறு மூன்று முறை இறுக்கி அனுப்பிய வேலைத்தலம் ஒன்று உண்டு. நான்காம் முறை வேறொருவர் பாகைமானியை வைத்துப் பார்த்தபோதே குறை வெளிப்பட்டது. பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்த ஐந்து சதப் பிளாஸ்ரிக் பாகைமானி, அன்று நிறங்கொழித்த விலையுயர்ந்த இணைப்புகளினும் பெரிதாகத் தோன்றிற்று.

வழியமைப்பை ஒரு மெய்யான காரை வைத்துக் காட்டுதலே விளக்கமாகும். 1959இல் வெளிவந்த மினி காரை எடுத்துக்கொள்வோம். இலங்கையிலும், நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றத்திலும் கட்டுக்குருந்தைப் பழைய விமான ஓடுபாதையிலும் நடந்த பந்தயங்களைப் பார்த்தோருக்கு அது புதிதன்று. அதில் தாங்கி பின்பெட்டியின் இடப்புறத்தில் உளது. பற்றரியும் அதே பின்பெட்டியில், வலப்புறத்தில். புகைக்குழாய் தளத்தின் நடுவேயுள்ள சுரங்கத்தின் கீழே ஓடுகின்றது. எஞ்சின் முன்னே குறுக்காகக் கிடக்கின்றது. காபுரேற்றரோ எஞ்சினுக்கும் தடுப்புச்சுவருக்கும் இடையில், நேரே புகைவாயிலின் மேல். பெற்றோல் சிந்துவதற்கு இதனினும் பொல்லாத இடத்தை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தல் அரிது. பந்தயத்தில் அப்புகைவாயில் செந்நிறமாகக் காய்ந்திருக்கும். பெற்றோல் தானாகத் தீப்பற்றுதற்கோ முந்நூறு பாகைக்குக் குறைந்த வெப்பமே போதும்.

நம் நாட்டுக் காரில் ஓட்டுநர் வலப்புறத்தில் இருப்பார். ஆகவே பற்றரிக் கம்பி வலப்புறமாகவும், பெற்றோற் குழாய் இடப்புறமாகவும் செல்லவேண்டும். இரண்டும் எவ்விடத்தும் சந்தித்தல் கூடாது. சந்தித்தே தீரவேண்டுமாயின் குறுக்காக, இடைவெளி விட்டு, கம்பி மேலேயும் குழாய் கீழேயுமாகக் கடக்கவேண்டும். முதல் வேலை பின்பெட்டிக்கும் அறைக்கும் இடையிலுள்ள தகட்டைச் செப்பனிடுதல். இருக்கையின் பின்னே மறைந்திருக்கும் துளைகளை உலோகத் தகட்டால் மூடி, பெற்றோலும் சுவாலையும் புகாதபடி அடைத்த பின்னரே அது தடுப்புச்சுவர் என்னும் பெயருக்கு உரியதாகும். அதன் இடப்புறக் கீழ்மூலையில் சுவரூடு செல்லும் இணைப்பொன்றைப் பொருத்தவேண்டும். அங்கிருந்து முன்சுவர் வரை ஒரே குழாய். நடுவில் வெட்டில்லை, முடிச்சில்லை.

இடப்புறம் என்றோம், இடப்புறத்தில் எங்கே? கதவின் கீழ்ச்சட்டத்தை ஒட்டிய மூலை வசதியாகத் தோன்றும். ஆனால் பக்கத்திலிருந்து வேறொரு கார் மோதினால் முதலில் நசுங்குவது அச்சட்டமே. நடுச்சுரங்கத்தை ஒட்டிவைத்தால் மோதலுக்குத் தப்பலாம். ஆனால் அதன் தகட்டின் மறுபுறத்திற் புகைக்குழாய் காய்கின்றது. பெற்றோல் குழாயிலேயே கொதித்து ஆவியடைத்து, எஞ்சின் இருமத் தொடங்கும். யான் தெரிவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி: சுரங்கத்தினின்று ஒரு சாண் விலகி, தளத்தின்மேல், தளத்தைத் தொடாது. தளத்தின் குறுக்கே செல்லும் எஃகு விட்டத்தை மேலால் ஏறிக் கடத்தலினும், துளையிட்டு, அத்துளைக்குள் ஒரு குழலைப் பற்றவைத்து, அதனூடு செலுத்துதல் நன்று. மேலால் ஏறினால், காரில் ஏறுவோர் எவராவது ஒருநாள் காலால் மிதிப்பர். ஓரடிக்கு ஒன்றாக, றப்பர் பூசிய கவ்விகளால் தளத்திற் பிணைக்கவேண்டும். வெறுந் தகட்டுத் துளையினூடு குழாயைச் செலுத்துதல் எவ்விடத்தும் ஆகாது.

இப்பகுதிக்கு உலோகக் குழாயா, பின்னற் குழாயா என்பதில் அறிந்தோரிடையே வேற்றுமை உண்டு. யான் எஃகுக் குழாயின் பக்கம். அது தன் வடிவத்தைத் தானே காத்து நிற்கும், முதுமையடையாது, ஆவியைக் கசியவிடாது. கார் மோதி உடல் சுருங்கும்போது எஃகு மடங்கி வெடிக்கலாம், பின்னற் குழாய் நெகிழ்ந்து கொடுக்கும் என்பது மறுதரப்பார் வாதம். புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆகவே எஃகின் இரு முனைகளிலும், சுவர்களுக்கு அப்பால், தாராளமாக வளைந்து தொங்கும் நெகிழ் குழாயைச் சேர்க்கவேண்டும். முன்புறத்தில் அது வேறொரு காரணத்துக்காகவும் இன்றியமையாதது. மினியின் எஞ்சின் றப்பர்த் தாங்கிகளின்மேல் முன்னும் பின்னும் அசைந்தாடும்; அவ்வாட்டத்தை விறைத்த குழாயொன்று சில மணித்தியாலத்துக்குமேல் தாங்காது. அந்நெகிழ் குழாய்க்குத் தீத்தாங்கும் உறையொன்று அணிவித்து, புகைவாயிலின் மேலாக அன்றி, பக்கத்தால் வளைத்துக் காபுரேற்றருக்குக் கொண்டுசெல்லவேண்டும். பெரிய வெபர்க் காபுரேற்றர் பூட்டுவோர் மினியின் தடுப்புச்சுவரையே வெட்டி அதனை அறைக்குள் நீட்டிவிடுவதுண்டு. அவ்வாறாயின் அதனைச் சுற்றி இடைவெளியற்ற உலோகப் பெட்டி கட்டாயம். பெட்டியின்றி ஓடுவோரிடம் குழாயின் வழியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பம்பு தாங்கியின் அருகே, தாழ்வாக, பின்பெட்டியில் இருக்கவேண்டும். மின்பம்பு தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் மெலிந்தது. உறிஞ்சும்போது குழாயில் அமுக்கம் குறைவதாற் பெற்றோல் இன்னும் எளிதாகக் கொதிக்கும். எஞ்சின் நின்றபின் பம்பு ஓடிக்கொண்டிருத்தல் கூடாது என்பது மிக முக்கியமான விதி. உடைந்த குழாயுள்ள காரில் ஓடும் பம்பு, தாங்கியிலுள்ள பெற்றோல் முழுவதையும் தீக்கு ஊட்டிக்கொண்டேயிருக்கும். மோதலின் அதிர்ச்சியிலே தானாக அறும் ஆளியும், எஞ்சின் எண்ணெயின் அமுக்கம் வீழ்ந்தவுடன் பம்பை நிறுத்தும் ஆளியும் மலிவானவை. இரண்டையும் பூட்டலாம்.

தாங்கியின் மூச்சுக்குழாயைப் பலர் மறந்துவிடுவர். கார் தலைகீழாகப் புரண்டால் பெற்றோல் வெளியேறும் வழி அதுவே. அதில் புரளும்போது மூடிக்கொள்ளும் வால்வு இருக்கவேண்டும். அதன் வாய் காருக்கு வெளியே திறக்கவேண்டும்.

இவ்வளவு முன்னேற்பாடும் வேண்டுமா என்று கேட்போருக்கு இரு நாட்களை நினைவூட்டலாம். 1964 மே 30ஆம் நாள், இண்டியானாபொலிஸ் ஐந்நூறு மைற் பந்தயத்தின் இரண்டாஞ் சுற்றில், டேவ் மக்டொனால்ட், எடி சாக்ஸ் என்னும் இருவர் பெற்றோற் றீயில் மாண்டனர். அதன் பின்னரே அங்கே பெற்றோல் கைவிடப்பட்டு மெதனோல் வழக்கிற்கு வந்தது. தாங்கியினுள்ளே கிழியாத றப்பர்ப் பை வைக்கும் முறையும் பந்தய உலகிற் பரவிற்று.

மற்றையது 2020 நவம்பர் 29. பஹ்ரெயினில் நடந்த போர்முலா 1 பந்தயத்தின் முதற்சுற்றில் ரொமேன் குரோஷானின் கார், மணிக்கு 192 கிலோமீற்றர் வேகத்தில் இரும்பு வேலியை மோதி இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. ஏறத்தாழ 27 வினாடிக்குப் பின் அவர் தாமாகவே தீயினின்றும் வெளியேறினார். கைகளில் மாத்திரம் கடுந்தீப்புண். சம்மேளனம் பின்னர் நடத்திய ஆராய்வு, பெற்றோல் வெளியேறிய முக்கிய வழிகள் இரண்டு என்று கண்டது: தாங்கியைச் சோதிப்பதற்கான மூடி பெயர்ந்தமை ஒன்று, எஞ்சினுக்குச் செல்லும் பெற்றோற் குழாயின் இணைப்புப் பையினின்றும் பிய்ந்தமை மற்றொன்று. அவ்வகைக் கார்களில், இழுபட்டால் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் தாமாக மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம். குழாயைத் தாங்கியினின்றும் பிடுங்க வேண்டிய விசையின் பாதிக்கும் குறைந்த விசையில் அது பிரியவேண்டும் என்பது விதி. அத்தகைய விதியிருந்தும், அத்துணைப் பெரும் மோதலில் முடிச்சு பிய்ந்தது. வாரஇறுதியில் ஓடும் நம் கார்களுக்கு அவ்வால்வு கட்டாயமன்று. ஆனால் தாங்கியின் வாயிலிலேயே ஒன்றைப் பூட்டுவதற்கு ஆகும் செலவு, ஒரு சோடி டயரின் விலைக்குள் அடங்கும்.

வேலை முடிந்தபின் சோதனை. எஞ்சினை இயக்காது பம்பை மாத்திரம் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்க்கவேண்டும். அருகிற் தீயணைகருவியுடன் ஒருவர் நிற்றல் வேண்டும். பின்னற் குழாய் பூணினுட் புகும் இடத்தில் மையாற் கோடொன்று இட்டுவைத்தால், பின்னொரு நாள் குழாய் வெளித்தள்ளியிருப்பின் உடனே தெரியும். முதல் ஐந்து சுற்று ஓடியபின், எஞ்சின் சூடாக இருக்கும்போதே மீண்டும் பார்க்கவேண்டும். 45 பாகைத் தவறு வெளிப்படுவது அப்போதே. றப்பர்க் குழாயாயின் பூட்டிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு துண்டில் எழுதி அதன்மேற் கட்டிவைத்தல் நல்ல வழக்கம். சம்மேளனத்தின் தரம் பெற்ற தாங்கிப் பைகளுக்கு ஐந்தாண்டு வயதெல்லை; செய்தோரிடம் மீளச் சோதிப்பித்தால் இன்னும் ஈராண்டு. குழாய்க்கு அதனிலும் குறைந்த வயதையே யான் கொடுப்பேன். இரண்டு பந்தயப் பருவம் கழிந்தபின், பார்வைக்குப் புதிதாக இருப்பினும், கழற்றி எறிந்துவிடலாம்.